அடுப்பு மெக்கானிக்கின் மூக்கு

உலகத்தில் மூக்கு என்ற ஒன்று முதன்முதலில் செய்யப்பட்டதே என் சித்தப்பாவின் முகத்துக்காகத்தான். மற்றவர்கள் முகத்தில் இருப்பதெல்லாம் அப்போது கீழே சிந்திய மாவை வழித்து ஒட்டியது. அவர் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தால் எதிர்வீட்டு ஜன்னல் திரை இந்தப் பக்கமாகப் பறக்கும். அடுத்த வாரம் பெய்யப்போகிற மழையை இந்த வாரமே முகர்ந்து சொல்லிவிடுவார். வானிலை ஆபீஸ்காரர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ரேடியோவில் வாயைத் திறப்பார்கள். பொய் சொல்கிறவர்கள் பக்கத்தில் வந்தால் அவருக்குத் தும்மல் வந்துவிடும். அதனால்தான் என் பக்கத்தில் அவரால் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம்கூட உட்கார முடிந்ததில்லை.

இதெல்லாம் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நான் அளவை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன்.

சித்தப்பா கேஸ் அடுப்பு மெக்கானிக். பழைய மொபெட்டில் கருவிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். பர்னரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது, திருகாத திருகை மாற்றுவது, வெடித்துப்போன ரப்பர் டியூபை எடுத்துவிட்டுப் புதிது போடுவது, இதுதான் வேலை. டியூப் மாற்றினால் கேஸ் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சோப்பைத் தண்ணீரில் கலக்கி இணைப்பின்மேல் பிரஷ்ஷால் தடவினால், கசிகிற இடத்தில் குமிழி எழும்பும். எல்லா மெக்கானிக்கும் செய்வது அதுதான். சித்தப்பா செய்யமாட்டார். அடுப்பு மேடைக்கு அடியில் குந்தி, கண்ணை மூடி, இணைப்புக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒரே இழுப்பு. "சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். வீட்டுக்காரம்மாக்கள் ஏதோ பெரிய டாக்டர் வந்துபோன மாதிரி தலையாட்டுவார்கள். சோப்புத் தண்ணியெல்லாம் மூக்கு இல்லாதவனுக்கு என்பது அவர் கட்சி.

நான் அவருடைய அண்ணன் மகள். என் அப்பாவும் அம்மாவும் கடல் தாண்டி வேலை பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதிலிருந்து நான் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு அவரோடு சண்டை போடும் வேலை பார்க்கிறேன். முழுநேர வேலை. அவருடைய செருப்பைத் தரையோடு ஒட்டியிருக்கிறேன். அவர் என் செல்போனின் காது வைக்கிற இடத்தில் பர்னர் கரியைத் தடவிவைத்ததில், ஒரு காது மட்டும் கறுப்பாக நான் கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறேன். நடுவில் சித்தி இரண்டு பேரையும் திட்டுவாள். ஆனால் சித்தியின் உண்மையான எதிரி நான் இல்லை. டயர் கடை.

டயர் கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை உண்டு. பழைய டயர்களைப் படுக்கப்போட்டு நாற்காலி ஆக்கியிருப்பார்கள். நடுவில் ஹூக்கா. அடியில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை, உச்சியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பழ வாசனை போட்ட பிசுபிசுப்பான புகையிலை, அதன்மேல் கனல் கரி. பாம்பு மாதிரி ஒரு குழாய் கைமாறிக் கைமாறிச் சுற்றிவரும். எல்லாருக்கும் ஒரே வாய்முனை. சித்தப்பா பேச்சுத் துணைக்கு என்றுதான் முதலில் போனார். பிறகு பேச்சு நின்று, குழாய் மட்டும் மிஞ்சியது.

சிகரெட்டைத் தொட்டவனைக் கண்டால் ஆகாது அவருக்கு. ஹூக்கா வேறு சாதி என்பார். தண்ணீருக்குள் முங்கிக் குளித்துவிட்டு வருகிற புகையாம், அழுக்கெல்லாம் குடுவையிலேயே தங்கிவிடுமாம். "அப்போ அந்தத் தண்ணியை நீங்களே குடிச்சுட்டு, புகையை வெளியில விட்டுடுங்க" என்று சித்தி ஒருநாள் சொன்னாள். அவருடைய சட்டைகளுக்குத் தனி வாளி, தனிக் கொடி. எங்கள் துணியோடு சேர்த்துத் துவைக்க விடமாட்டாள்.

காலையில் அவர் எழுவது தெருவுக்கே தெரியும். குளிரில் ஸ்டார்ட் ஆகாத லாரி மாதிரி ஓர் இருமல், பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம், பிறகு மறுபடி இருமல். மூக்கு எப்போதும் அடைப்பு. வாயைத் திறந்துவைத்துக்கொண்டேதான் தூங்குவார், நான் இரண்டொரு தடவை அதில் சீரகம் போட்டிருக்கிறேன். இந்த அடைப்புக்கு அவரே ஒரு மருந்தும் கண்டுபிடித்தார். புதினா போட்ட ஹூக்கா. அந்தப் புகையை இழுத்தால் மூக்குக்குள் சில்லென்று காற்று ஓடுகிற மாதிரி இருக்கும். அடைப்பு திறந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். திறக்கவில்லை, சில்லென்று மட்டும்தான். வாசல்படி ஏறும்போதே வாயால் மூச்சு வாங்கும். அடைத்தது புகை, அதற்கு வைத்தியமும் புகை. மூக்கு அடைக்க அடைக்கப் புதினாவின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்.

கறுப்புக் காதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில் ஒரு சின்ன மீன் வாங்கி, மொட்டைமாடியில் வெயில் காட்டி, அது ஓரளவு பேச ஆரம்பித்ததும் அவருடைய கருவிப் பையின் அடியில், வாஷர் டப்பாக்களுக்குக் கீழே வைத்தேன். ஏதாவது ஒரு வீட்டில் பையைத் திறந்து அவர் துள்ளிக் குதிப்பதை மனதுக்குள் பார்த்துக்கொண்டே அன்றைக்குச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பாட்டு முனகிக்கொண்டு வந்தார். பையைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்தார். சித்தி சமையலறையிலிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, எது செத்துப்போச்சு என்று கேட்டாள். சித்தப்பா சுற்றிலும் பார்த்து, எங்கே என்று கேட்டார்.

பிறகு அவரே கதை சொன்னார். இன்றைக்கு வேலை பார்த்த தெரு முழுக்கச் சாக்கடை அடைப்பாம். முதல் வீட்டில் அந்தம்மா மூக்கைப் பிடித்தாள், பாத்திரம் கழுவுகிற தொட்டியில்தான் கோளாறு என்று இவர் எடுத்துச் சொன்னார். அடுத்த வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டில் ஐயா எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இவர் கிளம்புகிறபோது தெருவில் நாலு பேர் கூடி, சாக்கடை சுத்தம் செய்கிறவரைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். எப்படித்தான் அங்கே குடியிருக்கிறார்களோ என்று அங்கலாய்த்தார்.

நான் குளியலறைக்குள் ஓடி, வாளிக்குள் முகத்தைவிட்டுச் சிரித்தேன். விலா வலிக்கச் சிரித்தேன். நடுவில் சிரிப்பு அறுந்துபோனது. வெளியே வந்து கேட்டேன்.

"சித்தப்பா, இன்னிக்கு அந்தத் தெருவுல டியூப் மாத்தினீங்களா?"

"மாத்தாம? போன இடமெல்லாம் டியூப்தான்."

"கசிவு பார்த்தீங்களா?"

"பின்ன, மோந்து பாக்காம வருவேனா?"

அந்தப் பை அவர் காலடியிலேயே இருந்தது. பூனை ஒன்று வாசலில் வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். துணியால் மூடி அவர்முன் வைத்து, எது என்னவென்று முகர்ந்து சொல்லச் சொன்னேன். அவர் ரொம்ப ஒய்யாரமாகக் குனிந்தார். ஒன்று, பிறகு இன்னொன்று. டம்ளரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எதிலாவது கண்சிமிட்டுகிறேனா என்று. கடைசியில் சிரித்தார். இரண்டுமே தண்ணீர்தான், உன் விளையாட்டு எனக்குத் தெரியாதா என்றார்.

சித்தி ஒரு டம்ளரின் துணியை எடுத்துவிட்டு அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "ஏங்க. இது மண்ணெண்ணெய்ங்க."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க ரொம்ப நேரம் ஆனது. சளி என்றார். டம்ளரைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சாப்பாடு வேண்டுமென்றால்கூட சுவரைப் பார்த்துக் கேட்டார்.

சித்தி அவரை மூக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு நான். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுக்கி மாதிரி ஒன்றால் மூக்கை விரித்து உள்ளே பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சிகரெட் உண்டா என்று கேட்டதும் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தி, தொட்டதே இல்லை என்றார். ஹூக்கா என்று நான் சொன்னேன். என்னை அங்கேயே பொசுக்கிவிடுகிற மாதிரி பார்த்தார். தண்ணீரில் கழுவி வருகிற புகைதானே என்று டாக்டருக்கும் விளக்க ஆரம்பித்தார்.

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "தண்ணி அந்தப் புகையை ஆத்திக் குடுக்குது. கழுவிக் குடுக்கல. ஆறின புகைங்கறதாலதான் நீங்க இருமாம அடிவயிறு வரைக்கும் இழுக்குறீங்க. ஒரு சிகரெட் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நீங்க அங்க உக்காந்தா ஒரு மணிநேரம்."

மூக்கின் உள்தோல் வீங்கிச் சிவந்து காய்ந்து கிடக்கிறது என்றார். தூசியையும் சளியையும் வெளியே தள்ளுகிற கண்ணுக்குத் தெரியாத முடிகள் அங்கே இருக்குமாம், புகை அவற்றைப் படுக்கவைத்துவிட்டதாம். வாசனை பிடிக்கிற இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறதாம். வீக்கத்தைத் தாண்டி அங்கே காற்றே போவதில்லையாம், போகிற கொஞ்சமும் புகையாகவே போயிருக்கிறதாம். நெஞ்சிலும் விசில் சத்தம் கேட்கிறது என்றார். அந்த அறையிலிருந்து வந்தால் தலை வலிக்குமா என்று கேட்டார். அது டயர் கடைக்காரன் பேச்சைக் கேட்டு வருகிற வலி என்றார் சித்தப்பா. டாக்டர் சிரிக்கவில்லை. கரி எரிகிறபோது வாசமே இல்லாத ஒரு விஷவாயு வரும், ஜன்னல் இல்லாத அறையில் அதையும் சேர்த்துத்தான் குடிக்கிறீர்கள் என்றார்.

மோப்பம் திரும்புமா என்று சித்தி கேட்டாள். புகையை அடியோடு விட்டுவிட்டு, மருந்து போட்டு, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிவந்தால் மெல்ல மெல்லத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம், என்னால் சத்தியம் பண்ண முடியாது என்று டாக்டர் சொன்னார். மருந்து எழுதிக்கொண்டே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சித்திதான் சொன்னாள். டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"இனிமே இந்த மூக்கை நம்பி ஒரு வீட்டையும் விட்டுட்டு வராதீங்க."

சித்தப்பா எழுந்து, மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் நடந்துவிட்டார். என் மூக்கைப் பற்றி அந்தச் சொட்டைத் தலையனுக்கு என்ன தெரியும் என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் நிற்கவைத்தார். மூக்கில்லாத அடுப்பு மெக்கானிக்கை யாராவது வீட்டுக்குள் விடுவார்களா என்று கேட்டார். வெளியில் ஒரு வார்த்தை போனால் இந்த வீட்டிலேயே அடுப்பு எரியாது என்றார். அட, சோப்புத் தண்ணியாவது தடவிப் பாருங்களேன் என்று சித்தி கெஞ்சினாள்.

"இத்தனை வருஷம் தடவாதவன் இன்னிக்குத் தடவினா, ஏன்னு கேக்கமாட்டாங்களா?"

அன்றைக்குச் சாயங்காலமே டயர் கடைக்குப் போய்விட்டு வந்தார். புதினா இரண்டு பங்கு என்று வாசனையே சொன்னது. எங்களுக்குச் சொன்னது, அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு பழைய ஷாம்பூ பாட்டிலில் சோப்புத் தண்ணீர், சுவருக்கு வர்ணம் அடித்து மிச்சமான பிரஷ், பாவாடைப் பையில் டியூபை இறுக்கிப் பிடிக்கிற நாலைந்து கிளிப், சைக்கிள். சித்தப்பா ஒரு வீட்டிலிருந்து கிளம்பி மொபெட் முனை திரும்பியதும் நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன். சித்தப்பா ஸ்பானரை மறந்துட்டாராம் என்று சொல்லி உள்ளே போய், அடுப்பு மேடைக்கு அடியில் குந்தி, தேடுகிற சாக்கில் இணைப்பில் சோப்பைத் தடவுவேன். குமிழி வராது. துடைத்துவிட்டு, இங்கே இல்லை போலிருக்கு என்று வந்துவிடுவேன். வீட்டுக்கு வீடு இதே நாடகம். எல்லா இடத்திலும் இணைப்பு கல் மாதிரி இருந்தது. அந்தக் கைகளுக்கு மூக்கே தேவையில்லை போல என்று தோன்றும்போது எரிச்சலாக வந்தது. அந்த மனிதர் சரியாகச் செய்கிற வேலைக்கும் நான் அலைய வேண்டியிருந்தது.

தையல்காரம்மா வீட்டில் கதவைத் திறந்ததுமே எனக்கு கேஸ் வாடை அடித்தது. லேசாகத்தான். அந்தம்மா குப்பைக்கூடை என்று நினைத்திருந்தார், மிஷினில் யாருடைய கல்யாணச் சட்டையையோ அவசரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சமையலறைக்கும் மிஷினுக்கும் நடுவில் தொட்டில், அதில் பேரக்குழந்தை. நான் பிரஷ்ஷை வைத்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழி வந்தது. மீன் கண் அளவுக்குப் பெருத்து உடைந்தது. உடனே அதே இடத்தில் இன்னொன்று.

சிலிண்டரை மூடினேன். மிஷின் சுவிட்சையோ லைட் சுவிட்சையோ தொட வேண்டாம், அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போங்கள் என்றேன். ஜன்னல்களைத் திறந்தேன். கிளிப் டியூபைச் சுற்றி முழுசாகப் பிடிக்காமல் அதன் ஓரத்தைக் கடித்திருந்தது. பையிலிருந்து புதிது எடுத்து மாட்டினேன். அவசரத்தில் அது தலைகீழாக ஏறிவிட்டது, கழற்றி மாட்டத் தைரியமில்லை. காற்று மாறும்வரை காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து மறுபடி சோப்புத் தடவினேன். ஒன்றும் வரவில்லை.

அந்தம்மா வாசலிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா. எலி கடிச்சிருக்கு" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கம்தான். இந்தப் பொய்யைச் சொன்னபோது மட்டும் தொட்டில் பக்கம் பார்க்காமல் சைக்கிளை எடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டயர் கடையையே உருட்டி ஆற்றில் விட்டிருப்பேன். அவ்வளவு பலம் இல்லாததால், சித்தியின் கோணி ஊசியை எடுத்துப்போய், கடைக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஹூக்காக் குழாயில் தலையிலிருந்து வால்வரைக்கும் குத்திவைத்தேன்.

அடுத்து நடந்ததை டயர் கடைக்காரரே தெருவெல்லாம் சொன்னார். சாயங்காலம் எல்லாரும் இழுக்கிறார்கள், வெறும் காற்று வருகிறது. சித்தப்பா குழாயை வாங்கிக் காதில் வைக்கிறார், மூக்கில் வைக்கிறார், நல்லாத்தான் இருக்கு என்கிறார். டயர் கடைக்காரர் அதைப் பிடுங்கி, பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊதினார். குழாய் நெடுகக் குமிழி கொதித்தது.

"மூக்கை வச்சா ஓட்டை தெரியும்? குமிழி வந்தாத்தான்யா ஓட்டை. நீ எப்படிய்யா தொழில் பாக்குற?"

எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு அந்தக் குழாய்க்குப் பஞ்சர் ஒட்டினார்களாம், அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டதாம். சித்தப்பா மட்டும் சிரிக்காமல் தொட்டியையே பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

குத்தியது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அடி விழும் என்று நான் கட்டில் பக்கமாக ஒதுங்கி நின்றேன். ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டார். அடுத்த நாட்களிலும் பேச்சில்லை. காலையில் கிளம்புவார், நான் சைக்கிளில் பின்னால் போவேன். எனக்கு அது அடியைவிடப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வீட்டில் அவருக்கு வேலை இருந்தது. நான் முனைக்கடையில் நின்று பார்த்தேன். மொபெட் கிளம்பி, தெரு திரும்பி மறைந்தது. கொஞ்சம் பொறுத்துப் போய்க் கதவைத் தட்டினேன். வேன்காரர் மனைவி திறந்தார்.

"அக்கா, சித்தப்பா ஸ்பானரை மறந்து வச்சுட்டாராம்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எந்த ஸ்பானர்? பன்னெண்டா, பதினாலா?"

சித்தப்பா. மொபெட்டை அடுத்த தெருவில் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். அடுப்பு மேடைக்கு அடியில் குந்தியிருந்தார். ஒரு கையில் பிரஷ், பக்கத்தில் கிண்ணம், இணைப்பு முழுக்க வெள்ளை நுரை. என்னிடம் அவர் பேசி எத்தனையோ காலம் ஆன மாதிரி இருந்தது.

"பாவாடைப் பையில என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"தையல்காரம்மா வீட்டுக்கு நேத்து சோப்பை எடுத்துக்கிட்டு மறுபடி போனேன். கிளிப்பு தலைகீழா இருந்துச்சு. நான் அப்படி மாட்டுறதில்ல. எலியும் மாட்டாது." இருமல் வந்து பேச்சை வெட்டியது. முடியும்வரை தரையில் கையூன்றிக்கொண்டார். "மூக்குதான் போச்சு எனக்கு. கண்ணு போகல."

நான் பாட்டிலை எடுத்து மேடைமேல் வைத்தேன். வேன்காரர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, எனக்கு மோப்பம் போயிடுச்சு. ஹூக்காப் புகை. டாக்டர் சொல்லிட்டாரு. அதனால இனிமே சோப்பு வச்சுதான் பாப்பேன். பயமா இருந்தா வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்."

சொல்லிவிட்டார். எங்கள் வாயைக் கட்டிவைத்தவர், தானே சொல்லிவிட்டார். அந்த அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்காரரும் அந்த டயர் கடைக்குத்தான் போறாரு. மூக்கடைப்புன்னு தினம் புதினா போட்டுக்கிட்டு இருக்காரு" என்றார். பிறகு, "அவரு வந்ததும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, உக்காருங்க" என்று டீத் தண்ணீர் எடுத்துவைக்கப் போனார்.

சித்தப்பா நுரையைத் துடைத்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"குமிழி வரல. இருந்தாலும் நீ ஒரு தடவை மோந்து சொல்லு."

குந்தி உட்கார்ந்து இணைப்புக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். இழுத்தேன். ஒரு வாசமும் தெரியவில்லை. மறுபடி இழுத்தேன், ஈரமாகச் சத்தம்தான் வந்தது. அடுப்பு மேடையின் இருட்டில் என் முகம் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தொடச்சிட்டு மோந்து பாருடி கழுதை" என்றார் சித்தப்பா. "அழுவுற மூக்குல வாசம் ஏறாது."